இரட்சிப்பும் ஒப்புரவும்: நம்ம பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா வழி கிருஷ்ணகிரி லுத்தரன், அம்மா வழி எலத்தகிரி பக்கத்துக் கத்தோலிக்கர், கல்யாணம் ஆகிப் போன வீடு பெந்தெகொஸ்தே. அதனாலோ, ஞாயிறு பள்ளி நடத்துவதாலோ, இரட்சிப்பு பற்றிய சந்தேகங்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி என்னிடம் வந்து சேர்கின்றன. கல்யாணப் பந்தியில், பென்னாகரம் பஸ்ஸில், ஜெபக்கூட்டம் முடிந்து செருப்பு தேடும் நேரத்தில் என்று எங்கே பார்த்தாலும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். சபைகள் ஒத்துப்போகாத இடத்தில் அதையும் சொல்லி, என் எண்ணத்தையும் சொல்லியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது.

1. "ரட்சிப்பு ரட்சிப்புன்னு சொல்றீங்களே, எதுல இருந்து ரட்சிப்பு? எனக்கு என்ன ஆபத்து வந்திருக்கு டீச்சர்?"

நரகத்திலிருந்து என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், ஆனால் வேதம் அங்கே ஆரம்பிக்கவில்லை. ஆதியாகமம் 3-ம் அதிகாரத்தில் தப்பு செய்த ஆதாமும் ஏவாளும் கடவுள் வரும்போது என்ன செய்கிறார்கள்? மரங்களுக்கு நடுவில் ஒளிந்துகொள்கிறார்கள். கடவுளோடு உலாவ வேண்டியவர்கள் அவர் சத்தம் கேட்டதும் பயப்படுகிறார்கள், கேள்வி கேட்டால் பழியை அடுத்தவர் மேல் போடுகிறார்கள். ஆபத்து அதுதான். கடவுளிடமிருந்து விலகினோம், அந்த விலகலில் மனுஷருக்கு மனுஷரும் விலகினோம், அதன் முடிவு மரணம்.

அந்த விலகல் சரியாவதைத்தான் ஒப்புரவாகுதல் என்கிறோம். பாவத்தின் குற்றத்திலிருந்தும், அது நம்மைப் பிடித்து ஆட்டுகிற ஆட்டத்திலிருந்தும், கடைசியில் மரணத்திலிருந்தும் விடுதலை, இவ்வளவும் சேர்ந்தது இரட்சிப்பு. ஒளிந்தவர்களைத் தேடி "நீ எங்கே இருக்கிறாய்" என்று கேட்டது கடவுள் என்பதைக் கவனியுங்கள். கீழே வரும் எல்லாப் பதில்களிலும் முதல் அடி எடுத்து வைப்பவர் அவர்தான்.

2. "நான் யாருக்கும் கெடுதல் செஞ்சதில்ல. என்னைப் போய் பாவின்னு ஏன் சொல்றீங்க?"

உங்களைக் குறிவைத்துச் சொல்வதில்லை. எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று ரோமர் 3-ல் அப்போஸ்தலர் பவுல் எழுதும்போது தன்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறார். கொலை, திருட்டு மட்டும் கணக்கு என்றால் நம்மில் பாதிப் பேர் தப்பிவிடலாம். செய்யவேண்டிய நல்லதைச் செய்யாமல் விட்டது, பொறாமை, வேலைக்காரப் பிள்ளைக்குத் தனி டம்ளர் வைத்தது, வீட்டில் ஒருத்தியை அழவைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தது, இவையும் கணக்கில் உண்டு.

லூக்கா 18-ல் இரண்டு பேர் ஜெபிக்கப் போகிறார்கள். ஒருவர் தான் வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருப்பதைச் சொல்கிறார், அது பொய்யும் இல்லை. வரி வசூலிக்கிற இன்னொருவர் தலைகூட நிமிராமல், பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்கிறார். நீதிமானாக வீட்டுக்குப் போனது அந்த இரண்டாவது ஆள் என்று இயேசு சொன்னார். மைக் பிடித்துக்கொண்டு ஊரையே பாவி பாவி என்று கத்துகிறவர்கள் முதல் ஆளின் இடத்தில் நிற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

3. "கடவுள் நினைச்சா சும்மா மன்னிச்சிட்டுப் போகலாமே, சிலுவை எதுக்கு? ஒரு அப்பா சொந்தப் பிள்ளையைப் பலி கொடுப்பாரா?"

நியாயமான கேள்வி, நம் பிரசங்கங்களே கிளப்பிவிட்ட கேள்வி. கோபமாக இருக்கிற ஒரு பிதா, யாரையாவது அடித்தால்தான் ஆறுவார், குற்றமில்லாத மகன் நடுவில் வந்து அடி வாங்கினார் என்று சிலர் கதை போலச் சொல்லிவிடுகிறார்கள். பவுல் அப்படி எழுதவில்லை. தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று 2 கொரிந்தியர் 5-ல் இருக்கிறது. அடிபட்ட இடத்தில் கடவுளே இருக்கிறார். பவுலின் நிருபங்களில் எங்கேயும் கடவுளைச் சமாதானப்படுத்தி நம்மிடம் கொண்டுவந்ததாக இல்லை, பகைவர்களாக இருந்த நம்மை அவர் தம்மிடம் சேர்த்துக்கொண்டதாகத்தான் இருக்கிறது. ரோமர் 5:10-ஐயும் பாருங்கள்.

மன்னிப்பு எப்போதுமே மன்னிக்கிறவருக்குச் செலவு வைக்கும். உங்களை ஏமாற்றியவரை நீங்கள் மன்னித்தால் அந்த நஷ்டத்தை யார் தாங்குவது? நீங்கள்தான். சிலுவையில் அந்த நஷ்டத்தைக் கடவுள் தம் உடம்பில் தாங்கினார். இதை விளக்க வேதமே பல வழிகளில் பேசுகிறது: பஸ்கா ஆட்டின் பலி, அடிமையை மீட்கும் கிரயம், சாவின் மேல் வெற்றி. 11-ம் நூற்றாண்டின் கடைசியில் அன்செல்ம் என்ற இறையியலாளர், கடவுளுக்குச் செலுத்தவேண்டிய கனத்தை மனுஷன் செலுத்தத் தவறினான், அதை கிறிஸ்து செலுத்தினார் என்று விளக்கினார். பிறகு லூதர், கால்வின் போன்ற சீர்திருத்தக்காரர்கள் தண்டனையை அவர் ஏற்றார் என்பதை அழுத்தினார்கள். பல சபைகள் ஆராதனையில் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணமோ நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஒரே விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை எல்லாம் தள்ளவேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்று, சிலுவையோடு நிறுத்திவிடாதீர்கள். உயிர்த்தெழவில்லை என்றால் விசுவாசமே வீண் என்று பவுல் சொல்லிவிட்டார்.

4. "தீர்த்தமலையில தலைமுழுகினா பாவம் போகும்னு எங்க பாட்டி சொல்வாங்க. ஞானஸ்நானமும் அதே மாதிரிதானே அக்கா?"

பாவம் போகவேண்டும் என்று ஆசைப்பட்டு அரூர் பக்கம் மலை ஏறிப் போய்த் தண்ணீருக்குக் கீழே நின்ற உங்கள் பாட்டியின் தவிப்பு பெரிய விஷயம், அதை யாரும் கேலி செய்யக்கூடாது. ஆனால் ஞானஸ்நானம் வேறு. அது வருஷா வருஷம் போய் வருவது கிடையாது, ஒரே தடவை. ரோமர் 6 சொல்கிறபடி கிறிஸ்துவின் மரணத்தோடு சேர்த்து அடக்கம் பண்ணப்பட்டு, அவர் உயிரோடு சேர்ந்து எழுவது. எந்த ஊர்த் தண்ணீர் என்பதற்கு அதில் விசேஷம் இல்லை. பைப் தண்ணீரும் சரி, தென்பெண்ணையும் சரி.

தண்ணீரோடு சேர்ந்த வார்த்தையின் வழியாகக் கடவுளே அந்த நேரத்தில் செயல்படுகிறார் என்று கத்தோலிக்கரும் லுத்தரன்களும் நம்புகிறார்கள். விசுவாசித்துவிட்ட ஒருவர் கீழ்ப்படிந்து கொடுக்கும் வெளிப்படையான சாட்சி என்று பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் நம்புகின்றன.

5. "சின்னக் குழந்தையில எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, திரும்ப முழுகணும்னு பாஸ்டர் சொல்றார். எங்க அப்பா லுத்தரன், அழறார். நான் என்ன பண்ண?"

நம்ம பக்கத்தில் குடும்பத்தைப் பிரிக்கிற முதல் கேள்வி இதுதான். 4-ல் சொன்ன வித்தியாசம்தான் இங்கேயும். கடவுள் செய்வது என்று நினைத்தால் குழந்தைக்கும் கொடுக்கலாம், நான் கொடுக்கும் சாட்சி என்று நினைத்தால் பேசத் தெரிந்தபிறகுதான் எடுக்கமுடியும். அப்போஸ்தலர் 16-ல் சிறைக்காவலனும் அவன் வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதில் குழந்தைகள் இருந்தார்களா என்று இரண்டு பக்கமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் சொல்வது: எபேசியர் 4 ஒரே ஞானஸ்நானம் என்கிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் உங்களுக்குக் கொடுக்கப்பட்டது உண்மையான ஞானஸ்நானம், அதைத் திரும்ப எடுக்கத் தேவையில்லை. உங்கள் மனசு வேறு மாதிரி தீர்மானித்தாலும், அப்பாவுக்குத் தெரியாமல் போய் முழுகிவிட்டு வராதீர்கள். எதிரில் உட்கார்ந்து பேசுங்கள், அவர் உங்களைக் கையில் ஏந்திக்கொண்டு போன நாளில் என்ன வேண்டிக்கொண்டார் என்று கேளுங்கள்.

6. "நம்பினா மட்டும் போதுமா, நல்லதும் செய்யணுமா? ஃபாதர் ஒண்ணு சொல்றார், ஐயர் ஒண்ணு சொல்றார்."

ஐயர் என்று இங்கே சொல்வது லுத்தரன் போதகரை. கிருபையினாலே விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது கிரியைகளால் உண்டானதல்ல என்று எபேசியர் 2:8, 9. அடுத்த வசனத்திலேயே நற்கிரியைகளுக்காகப் படைக்கப்பட்டோம் என்றும் இருக்கிறது, அதை நிறையப் பேர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. போச்சம்பள்ளி தோப்பில் காய்த்துக் குலுங்குகிற மாமரத்தைப் பாருங்கள், காய்ப்பதால் அது மாமரம் ஆகவில்லை, மாமரமாக இருப்பதால் காய்க்கிறது. வருஷக்கணக்கில் ஒரு பிஞ்சுகூட விடவில்லை என்றால் வேரில் என்ன ஆச்சு என்று தோண்டிப் பார்ப்போம் இல்லையா, யாக்கோபு கேட்பது அதைத்தான்.

இதற்காகத்தான் 16-ம் நூற்றாண்டில் சபையே உடைந்தது. 1895-ல் கிருஷ்ணகிரியில் லுத்தரன் மிஷனரிகள் வேலையைத் தொடங்கியபோதும் விசுவாசத்தினால் மட்டுமே என்பதுதான் அவர்கள் முதல் பாடம். ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன: நம் தகுதியால் இல்லை, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், ஆவியானவர் நம்மை நற்செயலுக்குத் தயாராக்குகிறார் என்று. 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். எல்லா லுத்தரன் சபைகளும் இதை ஏற்கவில்லை, வித்தியாசங்களும் மிச்சம் இருக்கின்றன. ஆனாலும் உங்கள் ஃபாதரும் ஐயரும் நீங்கள் நினைக்கிற அளவு தூரத்தில் இல்லை.

7. "சாகும்போது மன்னிப்பு கேட்டாப் போதும்னா, இப்பவே எதுக்கு அவசரம்?"

சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளன் கடைசி மணி நேரத்தில் கேட்டான், கிடைத்தது. அவன் தள்ளிப்போடவில்லை, தெரிந்த உடனே கேட்டான். அப்புறம், கடவுளோடு சமாதானமாக வாழ்வதைப் பாரம் என்று நினைப்பதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

8. "பாவசங்கீர்த்தனத்தை ஃபாதர்கிட்டதான் சொல்லணுமா? நேரா கடவுள்கிட்ட சொன்னாக் கேட்கமாட்டாரா?"

கேட்பார். நம் பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையுள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. அதே சமயம், எவர்களுடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று உயிர்த்த இயேசு சீடர்களிடம் சொன்னார், யோவான் 20:23. இதன்மேல்தான் கத்தோலிக்கரின் ஒப்புரவு அருட்சாதனம் நிற்கிறது. சாவான பாவம், அதாவது கடவுளிடமிருந்து பிரித்துவிடும் பெரும் பாவம் இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது 1215-ம் ஆண்டு ரோமில் ஆயர்கள் கூடிய லாத்தரன் சங்கத்திலிருந்து வரும் விதி. கேட்டதை ஃபாதர் யாரிடமும், எதற்காகவும் சொல்லக்கூடாது. தெரிந்தே சொன்னால் திருச்சபை விலக்கம். தருமபுரி மறைமாவட்டத்துக்குள் எந்தச் சின்ன ஊர்க் கோயில் என்றாலும் இதே விதிதான், ஊர் பேசும் என்ற பயம் வேண்டாம்.

லுத்தரன்களிடம் இது இல்லை என்று சொல்வது சரியில்லை. தனி அறிக்கையை விட்டுவிடக்கூடாது என்று லுத்தரன்களின் அடிப்படை விசுவாச அறிக்கையான 1530-ம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையிலேயே இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். சில பாவங்களை ஒரு மனுஷர் முகத்துக்கு நேராகச் சொல்லி, உனக்கு மன்னிப்பு உண்டு என்று காதால் கேட்டால்தான் இறங்கும். 10-ல் அப்படி ஒன்று வருகிறது.

9. "அண்ணன்கூட வரப்புத் தகராறு, ரொம்ப வருஷமாப் பேச்சில்ல. நான் பாட்டுக்குக் கோயிலுக்குப் போறேன், நற்கருணை வாங்குறேன். அதுல தப்பிருக்கா?"

காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னால் அப்படியே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னார், மத்தேயு 5. கவனித்தீர்களா, உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை, அவனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால் என்கிறார். அப்படியானால் முதல் அடி நீங்கள் எடுத்து வைக்கவேண்டும், 1-ல் கடவுள் செய்தது போலவே.

நிலத்தை விட்டுக்கொடு என்பது இதற்கு அர்த்தம் ஆகாது. தாலுகா ஆபீசில் மனு கொடுத்து, சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுக்கொடுத்தால் கணக்கு தீர்ந்தது. கேஸ் நடக்கிறது என்றால் நடக்கட்டும். ஆனால் அண்ணன் வீட்டுச் சாவுக்குப் போகாமல் இருப்பதும், பிள்ளைகளைப் பேசவிடாமல் தடுப்பதும் அளவையில் வராத விஷயம். நீங்கள் போய், அவர் கதவைத் திறக்கவில்லை என்றால்? உங்களால் ஆனமட்டும் சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12 சொல்கிறது, ஆகாத மிச்சம் உங்கள் கணக்கில் இல்லை. வரப்பை நகர்த்தியது நீங்களே என்றால், மன்னிப்பு கேட்டால் மட்டும் போதாது, நகர்த்தியதைத் திருப்பி வையுங்கள். ஊரை ஏமாற்றி வரி வசூலித்த சகேயு நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றபிறகுதான், இன்று இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு. வட்டிக்கு விட்டு ஊரை உறிஞ்சுகிறவர்கள் கேட்டாலும் எனக்கு இதே பதில்தான்.

10. "கண்ணு, அந்தக் காலத்துல மூணாவதும் பொண்ணாப் பொறந்துச்சு. மாமியார் எடுத்துட்டுப் போனாங்க. எனக்குத் தெரியும், நான் தடுக்கல. இதுக்கெல்லாம் மன்னிப்பு இருக்கா?"

இதை ஒருவர் மட்டும் கேட்கவில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் வந்தது, 2001-ல் அது ஏன் தருமபுரிக்கும் வந்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று விளங்கும். அம்மா, மன்னிப்பு இருக்கிறது. தயங்காமல் சொல்கிறேன்.

நடந்தது சின்ன விஷயம் என்பதால் கிடைக்கிற மன்னிப்பு அல்ல இது. அது ஒரு உயிர், உங்கள் பிள்ளை, கடவுளுடைய பிள்ளை. இயேசுவை நம்பிய ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது கொன்றவர்களின் துணிகளைக் காத்துக்கொண்டு, சம்மதித்துப் பக்கத்தில் நின்ற ஒருவர் இருந்தார். அவர் பெயர் சவுல். கல் எறியவில்லை, தடுக்கவும் இல்லை. பிற்பாடு அவரே பவுலாகி, நானும் சம்மதித்து நின்றேன் என்று அப்போஸ்தலர் 22-ல் வாய்விட்டுச் சொல்கிறார். இந்தப் பக்கத்தில் பாதி வசனங்கள் அந்த மனுஷர் எழுதியவைதான். அவருக்குக் கிடைத்த மன்னிப்பு உங்களுக்கு இல்லை என்று யாராலும் சொல்லமுடியாது. பிரசவித்த உடம்போடு, போக்கிடம் இல்லாமல் கிடந்த ஒருத்திமேல் முழுப் பழியையும் போட்டுவிட்டு நகர்ந்துகொண்ட ஆம்பிளைகளும் இதற்குக் கணக்குக் கொடுக்கவேண்டும்.

குழந்தை எங்கே என்றும் கேட்கிறீர்கள். சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வரட்டும் என்றவரின் கையில். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறோம் என்று கத்தோலிக்கத் திருச்சபையும் போதிக்கிறது. 8-ல் சொன்னபடி ஒரு ஃபாதரிடமோ, நம்பிக்கையான ஐயரிடமோ போய்ச் சொல்லுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள். உங்கள் வீட்டில் ஸ்கேன் எடுத்து என்ன குழந்தை என்று பார்க்கலாமா என்று யாராவது பேச்சை எடுத்தால், முதலில் எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்கிறவர் நீங்களாக இருங்கள்.

11. "வீட்டுக்காரர் குடிச்சிட்டு அடிக்கிறார். மன்னிச்சுத் திரும்பப் போ, அதுதான் ஒப்புரவுன்னு சபையில சொல்றாங்க."

போகவேண்டாம். அடி நிற்கும்வரை, நின்றது என்று நீங்கள் நம்பும்வரை வேண்டாம். மன்னிப்பை ஒருவர் தனியாகக் கொடுக்கலாம், ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். லூக்கா 17:3-ஐப் பாருங்கள், கடிந்துகொள், மனம் வருந்தினால் மன்னித்துவிடு என்று இருக்கிறது. கடிந்துகொள்வதைச் சபை அவரிடம் செய்யட்டும். 181-க்குப் போன் செய்தால் பெண்களுக்கான உதவி எந்நேரமும் கிடைக்கும். அடிபடுகிறவரைத் திருப்பி அனுப்பிவிட்டு வசனம் சொல்கிறவர்கள் 3-ல் சொன்ன சிலுவையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

12. "ஒரே சபை, ஒரே அப்பம். ஆனா எங்க தெருவுக்குத் தனிக் கல்லறை. இதுல என்ன ஒப்புரவு டீச்சர்?"

ஒன்றுமில்லை. எபேசியர் 2-ல் யூதருக்கும் மற்றவருக்கும் நடுவில் இருந்த சுவரை கிறிஸ்து தம் சரீரத்தில் தகர்த்தார் என்றும், அந்த இரண்டு பேரையும் ஒன்றாக்கித்தான் கடவுளோடு ஒப்புரவாக்கினார் என்றும் இருக்கிறது. கடவுளோடு சமாதானம், பக்கத்துத் தெருவோடு தீட்டு என்பதற்கு அங்கே இடமே இல்லை. அந்தியோகியாவில் இயேசுவின் சீடர் பேதுரு மற்ற இனத்தாரோடு சாப்பிடுவதை நிறுத்தியபோது, பவுல் எல்லார் முன்னாலும் அவரை முகத்துக்கு நேராக எதிர்த்தார், இவர்கள் சுவிசேஷத்தின்படி நடக்கவில்லை என்று. பந்தியில் தள்ளி உட்கார்ந்ததற்கே அப்படி என்றால் சுவர் வைத்த கல்லறைக்கு என்ன சொல்வார்? சபைக் கமிட்டியில் இதை எழுதிக் கொடுங்கள், என் கையெழுத்தும் வேண்டுமென்றால் போடுகிறேன்.

13. "எனக்கு அழுகை வரல, அந்நிய பாஷை வரல. நான் ரட்சிக்கப்பட்டேனான்னு எப்படித் தெரியும்? விழுந்துட்டா போயிடுமா?"

உணர்ச்சியை வைத்தோ, அந்நிய பாஷையை (ஜெபத்தில் கற்காத மொழியில் பேசுவதை) வைத்தோ அளக்காதீர்கள். சகோதரரிடத்தில் அன்புகூருகிறதால் மரணத்தைவிட்டு ஜீவனுக்கு வந்தோம் என்று அறிகிறோம் என 1 யோவான் 3:14-ல் இருக்கிறது. அன்பு கொஞ்சமாவது காய்க்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கேள்வியில் சபைகள் பிரிந்து நிற்கின்றன. உண்மையாய் இரட்சிக்கப்பட்டவரைக் கடவுள் கடைசிவரை காப்பார் என்று கால்வின் வழி வந்தவர்கள் சொல்கிறார்கள், விசுவாசத்தை உதறிவிட முடியும் என்று கத்தோலிக்கரும் லுத்தரன்களும் மெதடிஸ்டுகளும் பெரும்பாலான பெந்தெகொஸ்தேக்களும் சொல்கிறார்கள். என் கண்ணுக்குப் பேதுருதான் தெரிகிறார். மூன்று முறை தெரியாது என்றவரைத் தேடி வந்து, கரையில் மீன் சுட்டு வைத்து, மூன்று முறை என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார் இயேசு. விழுந்துவிட்டேன் என்று கவலைப்படுகிறவர் இன்னும் அவரைத் தேடுகிறவர்தான்.

14. "இயேசுவையே தெரியாம செத்துப்போன எங்க தாத்தா பாட்டி நரகத்துலயா இருக்காங்க? அப்படின்னா எனக்கு அந்த மோட்சம் வேண்டாம்."

தன் குடும்பத்தில் முதலாவதாக விசுவாசத்துக்கு வந்த ஒவ்வொருவரும் இதைக் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவிடம் வரான் என்று இயேசு சொன்னதை நான் மறைக்கப்போவதில்லை. அதே வேதத்தில் ரோமர் 2, நியாயப்பிரமாணம் (மோசே வழி வந்த கட்டளைகள்) கிடைக்காதவர்களின் இருதயத்தில் அதன் கட்டளை எழுதப்பட்டிருக்கிறது, மனசாட்சி சாட்சி சொல்கிறது என்கிறது. தங்கள் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாமல், உண்மை மனசோடு கடவுளைத் தேடி, மனசாட்சிப்படி வாழ முயல்பவர்கள் இரட்சிப்பு அடையலாம் என்று கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் அறிவித்தது. சுவிசேஷ சபைகளில் பலர் இதை ஏற்கமாட்டார்கள், சிலர் தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிடுவார்கள்.

நான் விட்டுவிடுகிறவர்களில் ஒருத்தி. யாராவது இரட்சிக்கப்பட்டால் அது கிறிஸ்து சிலுவையில் செய்ததால்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் கை எதுவரை நீளும் என்று அளக்க எனக்கு அதிகாரம் இல்லை. கடவுள் அழிக்க இருந்த சோதோம் நகரத்துக்காக வழக்காடியபோது ஆபிரகாம் கேட்டார்: சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ? அந்தக் கேள்வியை அப்படியே எடுத்து உங்கள் தாத்தா பாட்டி பேர் சொல்லி அவரிடமே கேளுங்கள். உங்களைவிட அவர்களை அதிகம் தெரிந்தவர் அவர்.